கல்வெட்டைக் கடைசியில் பாருங்கள்: சுவான்சோவில் ஒரு பகல்

சீனாவின் ஃபூஜியான் மாகாணக் கடற்கரையில் உள்ள சுவான்சோ நகருக்குப் போகும் தமிழர் எவரும், அங்கே சிதறிக் கிடக்கும் சிவன் கோயில் சிற்பங்களைத்தான் முதலில் தேடுவார்கள். அந்த ஆவல் இயல்பானது, எனக்கும் இருந்தது. ஆனால் நேரே சிற்பங்களிடம் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவருக்கு, நம்மவர்கள் இங்கேயும் இருந்திருக்கிறார்கள் என்ற செய்திக்கு மேல் ஒன்றும் கிடைப்பதில்லை. அவர்கள் எதற்காக வந்தார்கள், யாரை நம்பி அயல் மண்ணில் கோயில் எழுப்பினார்கள் என்பதற்கான விடை, அந்நகரின் பாலத்திலும் பள்ளிவாசலிலும் ஒரு பழைய கப்பலின் அடித்தளத்திலும் இருக்கிறது. ஆகவே சுவான்சோவுக்குப் போக விரும்பும் நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: தனி வழிகாட்டி ஒருவரை ஒரு நாளுக்கு அமர்த்திக்கொள்ளுங்கள், பார்க்க வேண்டிய வரிசையை நீங்களே முடிவு செய்யுங்கள், தமிழ்க் கற்களைக் கடைசியில் பாருங்கள்.

மும்பையில் சுங்க அனுமதி பெற்றுத்தரும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவன் நான். நவசேவா துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர்களின் ஆவணங்களோடுதான் என் பகல்கள் கழிகின்றன. உடன் வந்த என் அத்தை, தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மாட்டுங்காவில் இருக்கும் அவர் வீட்டில் கல்வெட்டுத் தொகுதிகளுக்கென்றே ஓர் அலமாரி உண்டு. எங்கள் இருவருக்கும் சுவான்சோவின் மேல் வெவ்வேறு காரணங்களால் பற்று இருந்ததால், பெருங்குழுவோடு போவதை நாங்கள் நினைத்துப் பார்க்கவே இல்லை. அத்தைக்கு முழங்கால் வலி; படி ஏறினால் சற்று உட்கார வேண்டும், ஒரு கல்லின் முன் நின்றால் எளிதில் நகரமாட்டார். இந்த இரண்டுக்கும் இடம் கொடுப்பது தனிப் பயணம் ஒன்றுதான். ஷியாமென் நகரிலிருந்து அதிவேக ரயிலில் சுவான்சோ ஏறக்குறைய அரை மணி நேரப் பயணம்; ரயில் நிலையத்திலேயே வழிகாட்டிப் பெண்ணும் ஓட்டுநரும் காத்திருந்தார்கள். பயண ஏற்பாட்டாளர் முதலில் அனுப்பிய திட்டத்தில், சிங்யுவான் மலையில் பாறையில் குடைந்த, தாவோ ஞானி லாவோட்சுவின் பெரிய சிலை காலை நேரத்தை முழுதும் எடுத்துக்கொண்டிருந்தது. சோங் அரசமரபின் காலத்தைச் சேர்ந்த அருமையான சிலை அது என்றாலும், எங்கள் கேள்விக்கு அதில் விடை இல்லை என்பதால் அதை நீக்கிவிட்டு லுவோயாங் பாலத்தை முதலில் வைக்கும்படி முன்பே எழுதிக் கேட்டிருந்தோம். வழிகாட்டி மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டதோடு, அன்றைக்கு ஓதம், அதாவது ஏறிய கடல்நீர், இறங்கும் நேரத்தைப் பார்த்து அதற்கேற்பப் புறப்படும் நேரத்தையும் மாற்றியிருந்தார். அந்த ஒரு கவனத்துக்காகவே அவருக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். நீர் ஏறியிருந்தால் அந்தப் பாலத்தின் சிறப்பு எதுவும் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

லுவோயாங் பாலம் 1053இல் தொடங்கி 1059இல் கட்டி முடிக்கப்பட்டது. அப்போது அப்பகுதியின் ஆளுநராக இருந்தவரும் பெரும் எழுத்துக்கலைஞருமான சாய் சியாங் அதை நிறைவேற்றினார். ஆறு கடலோடு கலக்கும் இடத்தில், நாளுக்கு இரு முறை ஏறி இறங்கும் நீரின் நடுவே, சேற்றுத் தரையில் எப்படி அடித்தளம் போடுவது என்பதுதான் அவர்கள் எதிர்கொண்ட சிக்கல். பாலத்தின் நீளம் முழுவதற்கும் ஆற்றின் அடியில் பாறைகளைக் கொட்டி அகலமான மேடை அமைத்து, அதன்மேல் தூண்களை எழுப்பினார்கள்; பிறகு அந்தப் பாறைகளின் மீது சிப்பிகளை வளர்த்தார்கள். சிப்பிகள் பெருகிப் பெருகித் தங்கள் ஓடுகளால் கற்களை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டன. தூண்களின் முனை நீரைக் கிழிக்கும் வகையில் படகின் முகப்பைப் போலக் கூராக இருக்கிறது. இன்றைக்கு ஏறக்குறைய 730 மீட்டர் நீளமுள்ள அந்தக் கற்பாலத்தில் நடந்தபோது, இறங்கிய நீரில் கருத்த பாறைகளின் மேல் வெள்ளை வெள்ளையாகச் சிப்பிகள் ஒட்டியிருப்பதைக் கண்ணாரக் கண்டோம். பாலம் பலமுறை சேதமடைந்து பழுது பார்க்கப்பட்டிருக்கிறது. ஆயினும் கட்டுமான முறை அதே முறைதான். ஒரு துறைமுகம் வெறும் கரையால் உண்டாவதில்லை, சரக்கு உள்நாட்டுக்குள் போகும் வழியால் உண்டாகிறது என்பதைத் தொழில்முறையில் அறிந்த எனக்கு, இந்த நகரத்தின் கதையை இங்கிருந்து தொடங்கியது மிகச் சரியாகப் பட்டது.

அங்கிருந்து நகருக்குள் வந்து தூமென் தெருவில் உள்ள சிங்ஜிங் பள்ளிவாசலைப் பார்த்தோம். 1009இல் நிறுவப்பட்ட இதன் உயர்ந்த கல்வாயில், ஷிராஸ் நகரத்து வழிவந்த ஒருவரால் 1310ஐ ஒட்டிப் புதுப்பிக்கப்பட்டது என்பதை அங்குள்ள அரபுக் கல்வெட்டு சொல்கிறது. தொழுகைக் கூடத்தின் கூரை எப்போதோ விழுந்துவிட்டது. சுவர்கள் மட்டும் வானத்துக்குத் திறந்து நிற்கின்றன. சீன மரக்கட்டடங்களின் நடுவே முழுக்க முழுக்கக் கல்லால் ஆன மேற்காசிய வடிவம் அது. சில அடிகள் தள்ளி, தெய்வமாக வணங்கப்படும் பழங்காலப் படைத்தலைவர் குவான் யூவின் கோயிலில் ஊதுபத்திப் புகை சூழக் கூட்டம் நெரிகிறது. அடுத்து 1196இல் எழுந்த தியான்ஹோ கோயிலுக்குப் போனோம். கடலோடிகளின் காவல் தெய்வமான மாட்சு அம்மனின் கோயில் அது. பழைய நகரின் தென்பகுதியில் கடல் வணிக அலுவலகம் இருந்த இடம் அகழ்வாய்வுத் தளமாகப் பாதுகாக்கப்படுகிறது. பார்ப்பதற்கு அங்கே செங்கல் தரையும் அறிவிப்புப் பலகைகளும்தான் இருக்கின்றன. இருந்தாலும் அன்றைய நாளில் நான் அதிக நேரம் யோசித்து நின்ற இடங்களில் அது ஒன்று. 1087இல் சோங் அரசு இந்த நகரில் நிறுவிய அந்த அலுவலகம்தான் வெளிநாட்டுக் கப்பல்களைச் சோதித்து, வரி வசூலித்து, சரக்குக்கு அனுமதி கொடுத்து, வணிகர்களைப் பேணியது. கப்பல் எப்போது வரும், என்ன தீர்வை, யாரிடம் சீட்டு வாங்க வேண்டும் என்பதெல்லாம் உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத்தான் வணிகன் மீண்டும் மீண்டும் வருவான். மார்க்கோ போலோ வியந்து எழுதிய சைத்தூன் துறைமுகம் இதுவே. மேற்கு நாடுகளுக்காக அலெக்சாண்டிரியா செல்லும் மிளகுக் கப்பல் ஒன்று என்றால் சைத்தூனுக்கு வருபவை நூறு என்று அவர் குறிப்பிட்டார்.

மதிய உணவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிப்பியும் மீனும் இல்லாத உணவு இந்த ஊரில் தேடித்தான் கிடைக்கும். முன்கூட்டியே சொல்லியிருந்ததால் வழிகாட்டி எங்களைப் பௌத்தச் சைவ உணவகம் ஒன்றுக்கு அழைத்துப் போனார். கடற்பாசியிலிருந்து செய்து தேன் ஊற்றித் தரும் குளிர்ந்த கூழ் ஒன்று தெருக்கடைகளில் கிடைக்கிறது. அத்தைக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. பணம் பெரும்பாலும் அலிபே போன்ற கைபேசிச் செயலிகள் வழியாகத்தான் என்பதால், மும்பையிலிருந்து கிளம்பும் முன்பே ஒன்றை அமைத்துக்கொள்வது நல்லது.

பிற்பகல் முழுவதையும் கையுவான் கோயிலுக்கு ஒதுக்கியிருந்தோம். 686இல் தோன்றிய பௌத்தக் கோயில் இது. இருபுறமும் 13ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கட்டிய இரண்டு கற்கோபுரங்கள் நாற்பது மீட்டருக்கும் மேலே உயர்ந்து நிற்கின்றன. 1604இல் இந்தக் கரையை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தையும் அவை தாங்கி நின்றன. மேற்குக் கோபுரத்தில் வாள் ஏந்திய குரங்கு முக வீரன் ஒருவனின் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. அதற்கும் அனுமனுக்கும் உறவுண்டா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக விவாதித்து வருகிறார்கள்.

பெருங்கூடத்துக்குள் நுழையும் முன், கோயில் வளாகத்தின் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் பழங்கப்பல் கூடத்துக்கு அத்தையை அழைத்துச் சென்றேன். 1974இல் ஹோசூ துறைமுகச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்த அந்தக் கப்பலில் எஞ்சியிருக்கும் பகுதியின் நீளம் 24.2 மீட்டர், அகலம் 9.15 மீட்டர். குறுக்குத் தடுப்புகளால் 13 அறைகளாகப் பிரிக்கப்பட்ட உடல் அது. ஓர் அறையில் நீர் புகுந்தாலும் மற்ற அறைகள் கப்பலைக் காக்கும். கப்பலின் அடிமரமான ஏராவின் இணைப்புகளில் குழி செய்து, செப்புக் காசுகளையும் ஒரு வெண்கலக் கண்ணாடியையும் உள்ளே வைத்திருந்தார்கள். வீட்டுக்கு நிலை வைக்கும்போது நாம் நவதானியமும் காசும் வைப்பதைப் போன்ற வழக்கம்தான். சரக்கில் பெரும்பகுதி நறுமண மரங்கள், ஏறக்குறைய 2,400 கிலோ. கூடவே மிளகு, பாக்கு, சோழி, ஆமை ஓடு. எல்லாவற்றையும் விட என்னை நிறுத்தி வைத்தவை, சரக்கு மூட்டைகளோடு கிடைத்த மரச்சீட்டுகள். உரியவரின் பெயரும் சரக்கின் குறிப்பும் எழுதிக் கட்டிய சிறு பலகைகள் அவை. இன்று நாங்கள் ஷிப்பிங் மார்க் என்று ஒவ்வொரு பெட்டியிலும் சரிபார்ப்பது இதைத்தான். 1270களில் மூழ்கியதாக அறிஞர்கள் கணிக்கும் ஒரு கப்பலில், யார் சரக்கு எது என்பதில் இவ்வளவு ஒழுங்கு இருந்தது என்பதை நான் அங்கே அறிந்தேன்.

அதன் பிறகுதான் பெருங்கூடத்தின் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு வந்தோம். அங்கே நடுவில் நிற்கும் பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டும், கூடத்தின் முன்மேடையின் கீழ்வரிசையில் பதித்துள்ள சிங்கப் பலகைகளும், இடிந்துபோன இந்துக் கோயிலிலிருந்து மிங் அரசமரபின் காலத்துத் திருப்பணியின்போது எடுத்து வைக்கப்பட்டவை. தூண்களின் வட்டச் சிற்பங்களில் இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர் இருக்கிறார், யானையைக் காக்கும் திருமால் இருக்கிறார், இரு மரங்களுக்கு இடையே உரலோடு தவழும் கண்ணன் இருக்கிறான். உள்ளூர்க் கல்லில், நம்முடைய கதைகளை, சற்றே வேறுபட்ட கைப்பழக்கத்தோடு செதுக்கியிருக்கிறார்கள். கண்ணனின் முகத்தை அத்தை வெகு நேரம் பார்த்தார். "காலையிலேயே இங்கே வந்திருந்தால் நான் இதை அதிசயம் என்று மட்டும்தான் நினைத்திருப்பேன். அந்தக் கப்பலைப் பார்த்த பிறகு இது நடக்க வேண்டியதுதானே என்று தோன்றுகிறது, இல்லையா?" என்றார். நான் இத்தனை பத்திகளில் சொல்ல முயல்வதும் அதுவேதான்.

கடைசியாகக் கடல்வழிப் போக்குவரத்து அருங்காட்சியகம். அங்குள்ள மதக் கற்களின் கூடத்தில் அரபுக் கல்லறைக் கற்கள், சிலுவையும் தாமரையும் சேர்ந்த கிறித்தவக் கற்கள் ஆகியவற்றின் அருகே நமது கோயிலின் சிதைவுகளும் இருக்கின்றன. யானை ஒன்று மலர் ஏந்தி லிங்கத்தை வழிபடும் பலகையைப் பார்த்ததும் திருவானைக்கா நினைவுக்கு வராத தமிழர் இருக்க முடியாது; பசு லிங்கத்தின் மேல் பால் சொரியும் பலகையும் உண்டு. அத்தை கைப்பையிலிருந்து, 1956இல் இந்நகரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டின் அச்சுப் பாடத்தை எடுத்து, வழிகாட்டிக்காக ஒவ்வொரு வரியாகப் படித்துப் பொருள் சொன்னார். சக ஆண்டு 1203, அதாவது 1281, சித்திரை மாதத்துச் சித்திரை நாளில், சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசை கான் என்ற மங்கோலிய ஆட்சியாளரின் உடல்நலத்துக்காக, திருக்கதலீச்சரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்பது அதன் செய்தி. கானின் பர்மான்படியே இதைச் செய்தார் என்றும் கல்வெட்டு சேர்த்துச் சொல்கிறது. முடிவில் சீன எழுத்தில் ஒரு வரி உண்டு.

பர்மான் என்றால் அரசாணை, அனுமதிச் சீட்டு. இதே கல்வெட்டை மும்பையில் பலமுறை படித்தபோது அந்தச் சொல் என் கண்ணில் தங்கவே இல்லை. அன்றைக்கு வணிக அலுவலகத்தையும் மரச்சீட்டுகளையும் பார்த்துவிட்டு வந்த பிறகு, கல்வெட்டு முழுவதும் அதைச் சுற்றியே எழுதப்பட்டதாக எனக்குப் புலப்பட்டது. 1279இல் சோங் அரசு முற்றிலும் வீழ்ந்தது. மங்கோலிய அரசர் குப்லாய் கானின் ஆட்சி புதியது; கல்வெட்டின் செகசை கான் அவரே என்று பலர் கருதுகிறார்கள். பாண்டிய நாட்டுக்கும் கொல்லத்துக்கும் அவருடைய தூதர் யாங் திங்பி சென்று வந்த ஆண்டுகள் அவை. ஆட்சி கைமாறிய துறைமுகத்தில் தொடர்ந்து தொழில் செய்ய விரும்பிய வணிகர்கள், புதிய அரசனின் நலம் வேண்டி, அவன் ஆணையைக் கல்லிலேயே குறித்து, கோயில் எடுத்திருக்கிறார்கள். பக்தியும் கணக்கறிந்த நிதானமும் அந்தச் சில வரிகளில் சேர்ந்தே இருக்கின்றன. எதிர்த்திசையிலும் இதுவே நடந்தது: சீனர்கள் 1267இல் எழுப்பிய செங்கல் கோபுரம் ஒன்றைப் பற்றிச் சீனப் பயணி வாங் தாயுவான் எழுதியிருக்கிறார், அது நாகப்பட்டினத்தில் இருந்ததாக அறிஞர்கள் கருதுகிறார்கள். 1357 முதல் 1366 வரை சுவான்சோவில் நடந்த கலகத்திலும் அதன் பின்விளைவுகளிலும் அயல்நாட்டு வணிகர் குடியிருப்புகள் அழிந்தன. கோயில் கற்கள் மதில்களுக்கும் கட்டடங்களுக்கும் போய்ச் சேர்ந்தன.

2021இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தவை இந்நகரின் 22 இடங்கள். ஒரு பகலில் அவற்றில் சிலவற்றைத்தான் பார்க்க முடியும். இரண்டாம் நாள் கிடைப்பவர்கள், மேற்கே ஜியூரி மலையில் உள்ள பாறை எழுத்துகளைத் தவறவிடாதீர்கள். கப்பல்களுக்கு நல்ல காற்று வேண்டி அதிகாரிகள் அங்கே வழிபாடு நடத்தியதை 1174 முதல் 1266 வரையிலான பொறிப்புகள் பதிவு செய்திருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றை ஆண்டுதோறும் எதிர்பார்த்து வாழும் மும்பைக்காரர்களுக்கு அது அந்நியமாக இருக்காது. அருங்காட்சியகம் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். முன்பதிவு செய்யும்போது குவாங்சோ அல்ல, ஃபூஜியானின் சுவான்சோ என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பாலத்துக்குப் போகும் நாளின் ஓத நேரத்தையும் வழிகாட்டியிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.