இரண்டு வெள்ளை

ஜூன் 3

புது மானிட்டர் பெட்டி வந்துவிட்டது. வாசலுக்கு உள்ளே சுவரோரமாக நிறுத்திவிட்டுப் போகச் சொன்னேன். நான் தூக்கக் கூடாது. வலக்கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள், இடக்கண் இன்னும் பாக்கி.

ஜூன் 4

காலையிலிருந்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கவாட்டில் மேல்நோக்கி இரண்டு அம்புக்குறி, ஒரு கண்ணாடிக் கோப்பை, இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற படம். திறக்கவேண்டிய டேப் அடிப்பக்கமாக ஒட்டியிருக்கிறது. பிரிக்க வேண்டுமானால் குனிய வேண்டும். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது, தேய்க்கக் கூடாது. கூடாதவை மட்டும் ஒரு முழுத்தாள் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். செய்யக்கூடியது ஒன்றுதான், சொட்டு மருந்து.

பழைய மானிட்டரிலேயே, மெய்ப்புக்கு வந்திருக்கும் புத்தகத்தின் ஒன்பதாம் ஃபாரம் (சேர்ந்து அச்சாகும் பக்கக் கட்டு) பார்க்க உட்கார்ந்தேன். ஒரு பக்கம் தாண்டவில்லை.

ஜூன் 5

திரையில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து வலக்கண்ணை மூடினேன். மஞ்சள். பழைய செய்தித்தாள் நிறம். இடக்கண்ணை மூடினேன். வெள்ளை, அதுவும் லேசாக நீலம் ஓடுகிற வெள்ளை. மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே திரை, ஒரே பக்கம், இரண்டு வெள்ளை. இரண்டு கண்ணையும் திறந்தால் நடுவில் மூன்றாவதாக ஒன்று.

இத்தனை வருடம் நான் வெள்ளை என்று நம்பிக்கொண்டிருந்தது எது?

மகளிடம் போனில் சொன்னேன். "சும்மா சும்மா கண்ணை மூடித் தொறக்காதம்மா" என்றாள்.

ஜூன் 6

அண்ணன் மகன் வரவில்லை. இடக்கண் அறுவைக்குத் தேதியும் வரவில்லை.

ஜூன் 7

வந்தான். வந்ததும் பெட்டியை நிற்கவைத்தபடியே மேலாகப் பிரித்து உருவப் போனான். படுக்கவை என்றேன். தெர்மாக்கோலோடு சேர்த்துக் கட்டில்மேல் படுக்கவைத்து, மேல்பக்கத் தெர்மாக்கோலை மட்டும் எடுத்துவிட்டு, திரை கவிழ்ந்து கிடக்கும்போதே முதுகில் ஸ்டாண்டை மாட்டிவிட வேண்டும். இரண்டு கையாலும் திரையின் முகத்தை அமுக்கித் தூக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பது மெல்லிய கண்ணாடி, அதற்குள் திரவப் படிகம். கட்டைவிரல் அழுத்தம் போதும், அந்த இடத்தில் நிழல் தங்கிவிடும், இல்லையென்றால் விரிசலே விழும். ஓரத்தைப் பிடி, முகத்தைத் தொடாதே என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். "அத்தை, நீங்க தள்ளி உக்காருங்க, நான் பாத்துக்குறேன்" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஸ்டாண்டின் கழுத்து முதுகுப் பள்ளத்தில் டக்கென்று உட்கார்ந்தது. அடித்தட்டுக்கு ஒரே ஒரு பெரிய ஸ்க்ரூ. அதன் தலையில் மடக்கிவைக்கிற மாதிரி ஒரு வளையம், விரலாலேயே முடுக்கலாம். யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள். முதுகில் இன்னும் நாலு ஓட்டை இருக்கிறது, 10 செ.மீ. சதுரத்துக்கு ஒரு மூலையில் ஒன்றாக. சுவரில் மாட்டுவதற்கு. "மாட்டிடலாமா அத்தை, என்கிட்ட ஸ்க்ரூ இருக்கு" என்றான். அதற்கு எம்4 ஸ்க்ரூ, அதுவும் சரியான நீளத்தில் வேண்டும். கையில் கிடைத்த நீளமானதைப் போட்டு முடுக்கினால் உள்ளே இருக்கும் போர்டைக் குத்தும். வேண்டாம் என்றேன்.

அப்புறம் பிளக். மூன்று முள். மூன்றாவது முள் சும்மா இல்லை, எர்த். இரண்டு முள் அடாப்டரில் செருகினாலும் திரை எரியத்தான் செய்யும், ஆனால் உலோகப் பாகத்தில் கை பட்டால் சுருக்கென்று ஒரு கூச்சம் வரலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செருகியிருந்தது, அதை எடுக்கச் சொல்லிவிட்டேன். முதுகுப்பக்கம் காற்றுப் போக ஒரு சாண் இடம். அடித்தட்டு முழுதும் மேசைமேல் உட்கார்ந்திருக்கிறதா, ஆடுகிறதா என்று அவனை லேசாகத் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். ஒயர் எதுவும் தரையில் தொங்கக் கூடாது. இப்போது எனக்குத் தூரம் பிடிபடுவதில்லை. டம்ளரை மேசைமேல் வைக்கிறேன் என்று நினைத்து ஒரு விரல் உயரத்திலேயே கையை விட்டுவிடுகிறேன்.

ஆன் செய்யாமலே விட்டுவிட்டேன். சொட்டு மருந்து நேரம்.

ஜூன் 8

ஆன் செய்ததும் வலக்கண் கூசித் தண்ணீர் வந்துவிட்டது. ஒளிர்வு 100. கடை விளக்குகளுக்கு நடுவே எடுப்பாகத் தெரிவதற்கு அது சரி, வீட்டு அறைக்கு இல்லை. 'விவிட்' என்று ஒரு மோடு வேறு, நிறங்களெல்லாம் அடித்துக்கொள்கின்றன. ஸ்டாண்டர்டுக்கு மாற்றி, ஒளிர்வை 30க்கு இறக்கினேன்.

இதற்கு என் அளவுகோல் ஒரு வெள்ளைத் தாள். திரையில் வெற்றுப் பக்கம், திரையை ஒட்டி அந்தத் தாள். திரை விளக்காக எரிந்தால் அதிகம், அழுக்குச் சாம்பலாக இருந்தால் குறைவு. இரண்டும் ஒரே அறை வெளிச்சத்தில் கிடப்பதாகத் தோன்றுகிற இடத்தில் நிறுத்த வேண்டும். விளக்குப் போட்டபின் ராத்திரி ஒருமுறை மறுபடியும். இதுவரை பிசகாத வழி. இன்றைக்கு இடக்கண் 45 என்கிறது, வலக்கண் 22 என்கிறது.

எழுத்து மசமசவென்று இருந்தது. கண்தான் என்று கொஞ்ச நேரம் பயந்துபோனேன். கண் இல்லை. திரையின் சொந்த அளவு 2560 × 1440, லேப்டாப் தானாக 1920 × 1080ஐப் பிடித்துவைத்திருக்கிறது. எழுத்து பெரிதாகத் தெரிகிறதே என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பெரிதாகத்தான் தெரியும், ஆனால் ஒவ்வொரு புள்ளியையும் இழுத்துப் பூசியதாக இருக்கும். ரெசல்யூஷனை முழுசாக வைத்து, எழுத்தைப் பெரிதாக்க ஸ்கேலிங்கை 125 சதவீதம் ஆக்கினேன். 'வி'க்கும் 'வீ'க்கும் நடுவே இருக்கும் அந்தச் சின்னச் சுழி இப்போது சுழியாகவே தெரிகிறது.

கறுப்பும் கறுப்பாக இல்லை, சாம்பலாக வெளிறியிருந்தது. எச்டிஎம்ஐ கேபிளில் போட்டால் சில கணினிகள் எதிரில் இருப்பது டிவி என்று எடுத்துக்கொண்டு, 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரை போகவேண்டிய நிறத்தை 16 முதல் 235க்குள் சுருக்கி அனுப்பும். கிராஃபிக்ஸ் செட்டிங்ஸில் 'லிமிடெட்' என்றிருந்ததை 'ஃபுல்' ஆக்கினதும் மையில் முக்கியெடுத்த கறுப்பு.

கடைசியாக ஷார்ப்னஸ். கூட்டினால் தெளிவு கூடும் என்று பெயர். கூடுவது எழுத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. மற்ற எழுத்துக்கு எப்படியோ, தமிழில் புள்ளி மாட்டிக்கொள்கிறது. 'க்' மேல் இருக்கிற புள்ளியைச் சுற்றி ஒரு வெளுப்பு வந்து, புள்ளி இருக்கிறதா கரைந்துவிட்டதா என்று தெரியாமல் போகிறது. குறைத்துவைத்தேன். மெய்ப்புப் பார்க்கிறவளிடம் புள்ளியில் விளையாடக் கூடாது.

ஜூன் 9

போன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து போனேன். ஒன்றுகூட ஆஸ்பத்திரியிலிருந்து இல்லை.

ஜூன் 10

கழுத்து.

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும், அல்லது கொஞ்சம் கீழே. எல்லோரும் சொல்வது, பெரும்பாலோருக்குச் சரியும்கூட. அவனும் அப்படித்தான் உயர்த்திவைத்துவிட்டுப் போனான். நான் போட்டிருப்பதோ மேலே தூரம், கீழே கிட்டம் என்றிருக்கிற பழைய ப்ரோக்ரெஸிவ் கண்ணாடி, அதிலும் வலது லென்ஸைக் கழற்றிவிட்டார்கள். கிட்டப் பார்வை இருக்கிற கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்க்க வேண்டும் என்று முகவாயைத் தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். சாயங்காலம் பிடரி இரும்பாக இறுகிவிட்டது.

ஸ்டாண்டைக் கடைசிவரை இறக்கினேன். கனம் இல்லை, விரலால் அமுக்கினாலே இறங்குகிறது. திரையின் தலையை லேசாகப் பின்னால் சாய்த்தேன், பத்துப் பதினைந்து டிகிரி இருக்கும். இப்போது முகவாய் தானாக இறங்கி நிற்கிறது. இதைப் பார்த்தால் "ஹைட்டா வெச்சாதான் நல்லது அத்தை" என்பான். அவன் கழுத்துக்கு நல்லது.

ஜூன் 11

அவர்களும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் தேதி தள்ளிப்போகும் என்று மனசுக்குள் ஒரு மூடநம்பிக்கை.

ஜூன் 12

கண்ணாடிக் கடை. கம்ப்யூட்டர் பார்க்கக் கண்ணாடி வேண்டும் என்றால் அவர்களாக ஒரு எண்ணைப் போட்டுவிடுவார்கள். நான் மூக்குத்தண்டிலிருந்து திரைவரைக்கும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போனேன். 65 செ.மீ. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கையை நீட்டினால் விரல்நுனி திரையைத் தொடுகிற தூரம். வலக்கண்ணில் உள்ளே வைத்த லென்ஸ் தூரத்துக்கானது. 100ஐ 65ஆல் வகுத்தால் ஒன்றரை சொச்சம். ஆக பவர் +1.50. வாசிக்கிற கண்ணாடி +2.50 என்றால் அது 40 செ.மீ.க்கு. அதைப் போட்டுக்கொண்டு திரைமுன் உட்கார்ந்தால் தன்னையறியாமல் முன்னால் குனிந்து குனிந்து 40க்கு வந்து நிற்போம். முதுகு போவது அப்படித்தான்.

இரண்டாவது கண்ணும் முடிந்து ஆறினபிறகுதான் நிரந்தரக் கண்ணாடி என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். இப்போதைக்குத் தற்காலிகமாக ஒன்று. கூடவே நீல ஒளி தடுக்கும் கோட்டிங் போட்டுக்கொள்ளச் சொன்னார். 2023இல் காக்ரேன் அமைப்பு இதைப் பற்றிய சோதனைகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, குறுகிய காலத்தில் கண் அயர்ச்சியை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. எனக்கு நீலத்தோடு வேறு கணக்கு இருக்கிறது, தடுக்க வேண்டாம் என்றேன். புரியாமல் சிரித்தார்.

ஜூன் 13

'க' மேல் ஒரு புள்ளி. பச்சை. பக்கத்தை நகர்த்தினேன், எழுத்து போய்விட்டது, புள்ளி அங்கேயே நிற்கிறது. திரை முழுக்கக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கறுப்பில் பளிச்சென்று எரிகிறது, பச்சையில் காணோம். பச்சையிலேயே மாட்டிக்கொண்ட பிக்சல். இந்த அளவுத் திரையில் ஒரு பிக்சல் 0.233 மி.மீ. அவ்வளவுதான். ஒரு புள்ளிக்கெல்லாம் பெரும்பாலும் மாற்றித்தர மாட்டார்கள். எத்தனை பழுது இருந்தால் எந்த வகை என்பதற்கு ஐஎஸ்ஓ 9241 என்று தரமே இருக்கிறது. விரலால் தேய்த்தால் சரியாகிவிடும் என்று ஒரு வைத்தியம் சொல்வார்கள். தேய்த்தால் பக்கத்திலிருப்பதும் சேர்ந்து போகும்.

வலக்கண்ணுக்கு மட்டும்தான் அது தெரிகிறது. இடக்கண்ணுக்குத் திரை சுத்தம். இதில் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

ஜூன் 15

ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பகல் முழுக்க எழுத்தின்மேல் ஜன்னல் கம்பிகள் படுத்திருந்தன. ஜன்னலுக்கு எதிராகத் திருப்பினால் கண்ணுக்கு நேரே வெளிச்சம். அவன் வந்து மேசையைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டான், இப்போது ஜன்னல் இடக்கைப் பக்கம். திரையை அணைத்துவிட்டு அந்தக் கறுப்பில் என்னென்ன தெரிகிறது என்று பார்த்தேன். டியூப்லைட் தெரிந்தது. அதற்கும் ஒரு வழி செய்ய வேண்டும்.

ஜூன் 16

கண் மணல் போட்டதாக உறுத்துகிறது. திரை பார்க்கும்போது சிமிட்டுவதை மறந்துவிடுகிறோம், சிமிட்டினாலும் பாதிதான் மூடுகிறோம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருப்பதை, 20 விநாடி. அதைச் செய்கிறேன். இடைவேளை என்று போனைக் கையில் எடுத்தால் கணக்கில் சேராது. ஆனால் தூரத்தில் பார்ப்பதற்கு ஏதாவது இருந்தால், அதையும் ஒவ்வொரு கண்ணாக மூடி மூடித்தான் பார்க்கிறேன். எதிர்வீட்டுச் சுவர் இரண்டு நிறம்.

ஜூன் 17

ஓவியர் க்ளாட் மோனே 1923இல் வலக்கண்ணுக்குப் புரை அறுவை செய்துகொண்டார். அப்புறம் நீலம் நீலம் என்று புலம்பியிருக்கிறார். இடக்கண்ணுக்குக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. 1926இல் போய்விட்டார்.

அதே வலது, அதே இடது. ராத்திரி இதையெல்லாம் தேடிப் படிக்கக் கூடாது.

ஜூன் 18

திரைக்கு எது வெள்ளை என்று உட்கார்ந்து முடிவுசெய்து வைத்திருக்கிறார்கள். டி65. சராசரிப் பகல் வெளிச்சம், சுமார் 6500 கெல்வின். திரை நிறங்களுக்கான எஸ்ஆர்ஜிபி 1999இல் சர்வதேசத் தரமானபோது அதிலும் அந்த வெள்ளைதான். மெனுவில் 'வார்ம்', 'கூல்' எல்லாவற்றையும் விட்டுவிட்டு 6500இல் நிறுத்தினேன். "நைட் மோடு போட்டுக்கோம்மா, தூக்கம் வரும்" என்கிறாள் மகள். போட்டால் திரை மஞ்சளாகிறது, இரண்டு கண்ணும் கிட்டத்தட்ட ஒத்துப்போகின்றன, மனசும் அமைதியாகிறது. அதனாலேயே அணைத்துவிட்டேன். அது ஒத்துப்போவது இல்லை, புதுக் கண்ணையும் பழைய கணக்குக்கு இழுப்பது.

அண்ணன் மகனின் கைரேகை திரை ஓரத்தில். அணைத்து, ஆறவிட்டு, மைக்ரோஃபைபர் துணியின் நுனியை மட்டும் நனைத்துத் துடைத்தேன். கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது. அதில் பெரும்பாலும் அமோனியாவோ ஆல்கஹாலோ இருக்கும், மேல்பூச்சைத் தின்றுவிடும். நேரே அடித்தால் வழிந்து கீழ்ச்சட்டத்துக்குள் வேறு இறங்கும்.

ஜூன் 19

கூப்பிட்டார்கள். 22ஆம் தேதி, காலை 7 மணி.

ஜூன் 20

ஒன்றும் ஓடவில்லை. ஒன்பதாம் ஃபாரத்தை முடித்து அனுப்பினேன். பச்சைப் புள்ளியை ஒரு தடவையாவது இடக்கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று முட்டி முட்டிப் பார்த்தேன். இன்னும் தெரியவில்லை.

ஜூன் 21

எல்லா அளவையும் ஒரு தாளில் எழுதி அவனிடம் கொடுத்துவிட்டேன், மகளுக்கும் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். ஒளிர்வு 30. நிறம் 6500. தூரம் 65. ஸ்டாண்டு கடைசி இறக்கம். திரும்பி வந்தால் இதில் பாதியை மாற்றவேண்டி வரும், ஒளிர்வு 22க்கே போகுமோ என்னவோ. மாற்றுவதற்கும் எதிலிருந்து என்று தெரிய வேண்டுமே.

பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டேன். பத்தாம் ஃபாரத்தில் ஒரு சந்தேகம் மட்டும் நிற்கிறது. 147ஆம் பக்கம், கீழிருந்து நாலாம் வரி. 'பட்டு' என்றிருக்கிறது, எனக்கு 'பாட்டு' என்று படுகிறது. கால் விழுந்துவிட்டதா, ஆசிரியர் எழுதினதே அப்படியா, கேட்டு