ரிங்ஸில் உதவியைக் குறைக்கும் கணக்கு: 16 வாரக் குறிப்பு

ரிங்ஸில் (ஜிம்னாஸ்டிக்ஸில் தொங்கும் இரண்டு வளையங்கள்) பலம் கூடுவதை எண்ணிக்கையும் வினாடியும் மட்டும் காட்டாது. எவ்வளவு உதவி இருந்தது என்பதைக் கிலோவில் எழுதினால்தான் தெரியும். கீழே உள்ளது 68 கிலோ உடலுக்கு எழுதிய கணக்கு. இலக்கு அயர்ன் கிராஸ், அதாவது இரு கையையும் பக்கவாட்டில் தோள் மட்டத்துக்கு நேராக நீட்டி வளையத்தில் நிற்பது. சாதாரண டிப்ஸ் (கையை ஊன்றி உடலை இறக்கி ஏற்றுவது) 15, புல் அப் 12 தடுமாறாமல் வருகிற நிலையிலிருந்து தொடக்கம்.

மர வளையம், தடிமன் 28 மி.மீ. மேலே ஸ்ட்ராப் இரண்டுக்கும் நடுவே 50 செ.மீ. ஒவ்வொரு முறையும் இரண்டு வளையத்துக்குள்ளும் ஒரு கம்பைக் குறுக்கே நுழைத்து மட்டம் பார்க்க வேண்டும். 1 செ.மீ. வித்தியாசம் இருந்தாலும் ஒரு தோள் கூடுதலாக வாங்கும்.

வாரம் 1–4: சப்போர்ட் ஹோல்டு, கால் உதவி

சப்போர்ட் ஹோல்டு என்பது வளையத்தை இடுப்பருகே பிடித்து, நேரான கையில் உடலைத் தாங்கி நிற்பது. அப்படிக் கை முழுக்க நீட்டி நின்றால் கால் பெருவிரல் மட்டும் தரையில் படும் உயரத்தில் வளையம். விரலுக்குக் கீழே முள் காட்டும் எடை மெஷின். (டிஜிட்டல் மெஷின் பெரும்பாலும் ஒரு எண்ணில் பூட்டிக்கொள்ளும். அது இங்கே உதவாது.) முதல் நாள் முள் 15 கிலோவில் நின்றது. 15 வினாடி, 4 செட். நாலாவது வாரக் கடைசியில் முள் 3.

இந்த 3 ஏமாற்றுகிற எண். கால் எடையை மட்டும் தாங்குவதில்லை, ஆட்டத்தையும் நிறுத்துகிறது. தரையில் 2 கிலோ ஊன்றினாலே வளையம் அடங்கிவிடும். காலை எடுத்ததும் கை நடுங்கத் தொடங்கும். அதனால் மூன்றாவது வாரத்திலிருந்தே கடைசி செட்டைக் கால் இல்லாமல், 5 வினாடியானாலும் சரி என்று செய்ய வேண்டியிருந்தது. ஸ்ட்ராப் கையில் உரசாதபடி வளையத்தை வெளிப்பக்கம் திருப்பி நிற்பது அதற்குப் பிறகுதான்.

பேண்ட்

இரண்டு வளையத்துக்கும் நடுவே பேண்டை (இழுபடும் ரப்பர் பட்டை) கட்டி அதில் முட்டி போட்டு டிப்ஸ். தொங்கும் தராசில் பேண்டை இழுத்துப் பார்த்தால் மேல்நிலை நீளத்தில் 6 கிலோ, கீழ்நிலையில் 17. டிப்ஸில் கஷ்டம் கீழேதான் என்பதால் இது பொருந்துகிறது.

மஸில் அப்புக்கு (தொங்கியபடி இழுத்து வளையத்துக்கு மேலே ஏறுவது) பேண்ட் பொருந்தாது. மேலிருந்து தொங்கவிட்ட பேண்ட், ஏற்கெனவே பலம் இருக்கிற தொங்குநிலையில் நன்றாகத் தூக்கிவிட்டு, மார்பைத் தாண்டித் திரும்புகிற இடத்தில் தளர்ந்துபோகும். அதற்கு வளையத்தை மார்பளவுக்கு இறக்கி, ஃபால்ஸ் கிரிப் (மணிக்கட்டை வளையத்தின் மேல் வைத்த பிடி) பிடித்து, கால் ஊன்றியபடி அந்தத் திருப்பத்தை மட்டும் 5 வினாடி இழுத்து மெதுவாகச் செய்வதே போதும். கிராஸுக்கும் பேண்ட் வேண்டாம். உடல் 5 செ.மீ. சரிந்தால் பேண்ட் கூடுதலாகத் தூக்கிவிடும், சரிந்ததே தெரியாது.

வாரம் 5–9: முன்கைப் பட்டை

வளையத்தில் 5 செ.மீ. அகலத் துணிப் பட்டையைக் கோத்து, அந்தக் கண்ணிக்குள் முன்கையை நுழைத்துக் கிராஸ் நிலையில் நிற்பது. இதைவிட மெல்லிய பட்டை சதையில் அறுக்கும். தோளிலிருந்து பிடி வரை 60 செ.மீ. என்றால், முழங்கையைச் சற்றுத் தாண்டி, தோளிலிருந்து 36 செ.மீ.யில் பட்டை. நெம்புகோல் குறுகுவதால் தோளுக்கு 60 விழுக்காடு சுமை. 4 வினாடி, 5 செட். இரண்டு நாள் தொடர்ந்து எல்லா செட்டும் நின்றால் பட்டையை 2 செ.மீ. வெளியே நகர்த்துவது. 9-ஆம் வாரம் 46 செ.மீ.

பிழை இங்கேதான். பட்டையைக் கழற்றிவிட்டு, கால் உதவியோடு நேரே வளையத்தைப் பிடித்ததும் முழங்கையின் உள்பக்கம் வலி. மறுநாள் காலையும் விடவில்லை. கணக்குப் போட்டால் காரணம் தெரிகிறது: தோளிலிருந்து முழங்கை 30 செ.மீ. பட்டை 36-ல் இருக்கும்போது முழங்கைக்கு அது 6 செ.மீ. தூரம், வளையம் 30 செ.மீ. தூரம். அதாவது தோள் 60 விழுக்காடு உழைத்தபோது முழங்கை 20 விழுக்காடுதான் உழைத்தது. தசையைவிடத் தசைநார் மெதுவாகத்தான் பழகும், அதற்கு வேலையே கொடுக்காமல் விட்டாயிற்று. பட்டை தோளுக்கு நல்லது. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது.

வாரம் 10–16: கப்பியும் எதிர் எடையும்

10-ஆம் வாரம் கிராஸ் இல்லை, வலி அடங்கும்வரை கை நீட்டிய சப்போர்ட் மட்டும். பிறகு கப்பி. இடுப்பு பெல்ட்டின் இரு பக்கத்திலிருந்தும் கயிறு தலைக்கு மேலுள்ள 45 செ.மீ. கம்பின் இரு முனைக்கு. கம்பின் நடுவிலிருந்து ஒற்றைக் கயிறு உத்திரத்தில் முதல் கப்பி, சற்றுத் தள்ளி இரண்டாவது கப்பி, அங்கிருந்து கீழே எடை. கம்பு இல்லாவிட்டால் கயிறு முகத்தில் உரசும். கிராஸ் நிலையில் எடை தரையிலிருந்து 20 செ.மீ. மேலே தொங்க வேண்டும். தரையைத் தொட்டால் உதவி பூஜ்யம். ஏறி இறங்க ஒரு ஸ்டூல் அவசியம்.

பேரிங் உள்ள கப்பிதான் வேண்டும். கயிற்றின் உடல் பக்கத்தில் தராசை மாட்டி, 20 கிலோ எடையை மெதுவாக இழுத்தபோது 22, விட்டுக்கொடுத்தபோது 18 காட்டியது. இந்த 2 கிலோ உராய்வு. உடல் சரியும்போது உதவி கூடும், மேலே அழுத்தும்போது குறையும். கொக்கியைக் கப்பியாக வைத்தால் வித்தியாசம் பல மடங்கு, எழுதுகிற எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

கப்பியில் தோளும் முழங்கையும் ஒரே விகிதத்தில் சுமை வாங்கும். 30 கிலோவில் தொடக்கம்: மீதி 38, ஒரு கைக்கு 19. வாரம் இருமுறை, நடுவே குறைந்தது 48 மணி நேரம். 3 வினாடி, 5 செட். (போட்டியில் ஒரு நிலையை 2 வினாடி நிறுத்தினால் ஏற்பார்கள்.) முன்னிருந்து வீடியோ எடுத்து, தோளும் கையும் ஒரே கோட்டில் இருக்கிறதா, முழங்கை மடங்குகிறதா என்று பார்த்து, இரண்டு முறை சுத்தமாக வந்தால் 1 கிலோ குறைப்பது. முழங்கை துளி மடங்கினாலும் அந்த செட் கணக்கில் சேராது.

வாரம் 11: எதிர் எடை 30 கிலோ.
12: 29.
13: 28. வலது முழங்கை மடங்கியது, மீண்டும் 29.
14: 28.
15: 27.
16: 26. ஐந்தாவது செட்டில் 2 வினாடியோடு தோள் சரிந்தது. அடுத்த வாரமும் 26.