எட்டு என்றால் ஒக்டோபர்

அம்மம்மா பறங்கிக் குடும்பத்துப் பெண், அதாவது இலங்கையில் குடியேறிய ஐரோப்பியரின் சந்ததி. நத்தார் (கிறிஸ்மஸ்) காலையில் புறூடர் கேக் வெட்டும்போதெல்லாம், தங்கள் வம்சத்தின் முதல் ஆள் ஒல்லாந்துக் கப்பல் ஒன்றின் கப்பித்தானாகக் கொழும்பில் வந்து இறங்கிய கதையைச் சொல்லுவார். அவர் போன பிறகு அந்தக் கப்பித்தானைத் தேடிப் பார்க்க ஆசை வந்தது. ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தது 1656-இல், ஆங்கிலேயரிடம் இழந்தது 1796-இல். இந்த 140 வருடத்தில் ஒரு ஆளை எங்கே என்று தேடுவது?

நம்மில் இருந்து பின்னோக்கிப் போவதுதான் ஒரே வழி. அம்மம்மாவின் விவாகப் பத்திரம், அவருடைய தகப்பனின் பிறப்புப் பத்திரம் என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒரு கட்டத்துக்குப் பிறகு அரசாங்கக் கடதாசி தீர்ந்துவிடும். அதற்கு அப்பால் தேவாலயப் பதிவேடுகள்தான்.

ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் 1908-இல் தொடங்கியது. அதன் சஞ்சிகையில் குடும்ப வம்சாவளிகளை அச்சிட்டார்கள். எங்கள் குடும்பமும் அதில் இருந்தது. ஆனால் ஆண்வழியில் ஐரோப்பிய மூதாதையைக் காட்டினால்தான் சங்கத்தில் சேரலாம் என்பதாலோ என்னவோ, தகப்பன் வழி நீளமாக ஓடுகிறது. மனைவிமார் ஒற்றைப் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். முதல் ஆளின் மனைவிக்கும் ஞானஸ்நானப் பெயர் மட்டும்தான்.

அப்புறம் பதிவேடுகளில் இறங்கினேன். கொழும்பில் உள்ள வுல்பெண்டால் தேவாலயத்துக்கும் ஒருநாள் போனேன். 1757-இல் பிரதிஷ்டை செய்த கோயில். தரையிலும் சுவரிலும் கல்லறைக் கற்கள். எங்கள் பெயர் ஒன்றிலும் இல்லை. கல் வைக்கக் காசு வேண்டும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஏட்டைப் புரட்டும் வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம். கொழும்பு மாவட்ட ஒல்லாந்தச் சீர்திருத்தத் திருச்சபையின் ஏடுகள், 1677 தொடங்கி, ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் படங்களாகக் கிடைக்கின்றன. பெயரைத் தட்டித் தேடினால் எனக்கு ஒன்றும் வரவில்லை. பக்கம் பக்கமாகப் பார்க்க இரண்டு மாதம் போனது.

முதலில் அகப்பட்டது அந்த முதல் ஆளின் கல்யாணப் பதிவு, செப்டெம்பர் மாதம். அதே வருடம் மூத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம். மாதம் இருக்கவேண்டிய இடத்தில் '8பெர்' என்று எழுதியிருந்தது. எட்டாம் மாதம் ஆகஸ்ட் என்று எடுத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் கழித்து இன்னொரு பக்கத்தில் 7பெர், 8பெர், 9பெர், 10பெர் வரிசையாக வந்ததைப் பார்த்ததும்தான் விளங்கியது. செப்டெம்பர் என்ற சொல்லிலேயே லத்தீன் ஏழு இருக்கிறது. பழைய ரோமக் கணக்கில் வருடம் மார்ச்சில் தொடங்கும். அதைப் பிடித்துக்கொண்டு எழுத்தர்கள் செப்டெம்பரை 7பெர் என்று சுருக்கிவிடுவார்கள். 8பெர் என்றால் ஒக்டோபர். கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளை, கல்யாணத்துக்கு அடுத்த மாதம் பிறந்த பிள்ளை ஆகிவிட்டது. அம்மாவுக்கு அதிலும் பெரிய ஆறுதல் கிடைக்கவில்லை.

குடும்பப் பெயரை மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று விதமாக எழுதியிருந்தார்கள். எழுத்தர் காதில் விழுந்ததுதான் எழுத்து. அதனால் பெயரை விட்டுவிட்டு ஞானஸ்நானச் சாட்சிகளைப் பார்க்கத் தொடங்கினேன். என்னைக் கேட்டால், பதிவில் அதிகம் பேசுவது அந்த வரிதான். மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே பெண் சாட்சி. அவளுடைய கல்யாணப் பதிவைத் தேடி எடுத்தபோது அவளுக்குத் தகப்பன் பெயர் இருந்தது, பிறந்த ஊர் கொழும்பு என்றும் இருந்தது. ஒற்றைப் பெயர்க்காரியின் தமக்கையாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். அடுத்ததாகத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ள பள்ளித் தோம்புகளை, அதாவது ஒல்லாந்தர் காலத்துப் பள்ளிப் பதிவேடுகளைப் பார்க்கவேண்டும். ஊர்க் கிறிஸ்தவர்களின் ஞானஸ்நானமும் விவாகமும் அவற்றில்தான் பதிவானது.

ஆண் எங்கிருந்து வந்தான் என்பதற்குக் கோயில் ஏடு போதாது. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் சம்பளப் புத்தகம் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டுக் கப்பல்களின் சம்பளப் புத்தகங்கள் ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றிலிருந்து தொகுத்த பட்டியலை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பெயர், ஊர், கப்பல், பதவி, சேவை முடிந்த விதம் எல்லாம் ஒரே வரியில் வரும். நாலாவது எழுத்துக்கூட்டலில் எங்கள் ஆள் வந்தார். ஊர் ஒல்லாந்தில் இல்லை, ஜேர்மனியின் ஹெஸ்ஸன் பக்கம். பதவி, சிப்பாய். கடன் பத்திரம் என்ற கட்டத்தில் 'ஆம்'. கப்பல் ஏறும்வரை சோறும் படுக்கையும் கொடுத்த விடுதிக்காரருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம் அது, சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள்.

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அப்ப கப்பித்தான் இல்லையா?"

"சிப்பாய் அம்மா. கடனோட வந்தவர்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "கப்பல்லதானே வந்தவர்?" என்றார்.

போன நத்தாருக்கும் புறூடர் வெட்டியபோது, பிள்ளைகளுக்குக் கப்பித்தான் கதைதான் சொன்னார்.