நடக்காத காலுக்கு எதற்கு அறுவை சிகிச்சை?

பக்கவாதம் வந்த முதியவருக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்று தெரிந்ததும், குடும்பத்தார் கூடிப் பேசும்போது தவறாமல் எழும் கேள்வி இது: ‘எப்படியும் அந்தக் கால் சரியாக வேலை செய்யவில்லை, இந்த வயதில் அதைக் கத்தி வைத்து என்ன ஆகப் போகிறது?’ வீடு வீடாகச் சென்று சிகிச்சை தரும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில் இக்கேள்வியை நான் பல கூடங்களில் கேட்டிருக்கிறேன். அன்பினாலும் அச்சத்தினாலும் கேட்கப்படுவதுதான் என்றாலும், அறுவை சிகிச்சை என்பது நடக்க வைப்பதற்காக மட்டுமே செய்யப்படுவது என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணம் சரியல்ல.

முதலில், முறிவு ஏன் பெரும்பாலும் செயலிழந்த பக்கத்திலேயே நேர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். உடல் எடையும் தசையின் இழுப்பும் இருந்தால்தான் எலும்பு தன் அடர்த்தியைக் காத்துக்கொள்ளும். பக்கவாதத்துக்குப் பிறகு அந்தக் காலுக்கு இரண்டும் கிடைப்பதில்லை. நடக்கவே முடியாதவர்களுக்கு முதல் ஆண்டிலேயே செயலிழந்த பக்கத்துத் தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் 10 விழுக்காட்டுக்கும் மேல் அடர்த்தி குறைந்துவிடக்கூடும். இடுப்புக் குழிக்குள் பொருந்தும் பந்துமுனைக்குச் சற்றுக் கீழே உள்ள குறுகிய பகுதி அது; இடுப்பு முறிவு என்று நாம் சொல்வது அங்கேயோ அதற்குச் சற்றுக் கீழேயோ நேர்வதைத்தான். கீழே விழுவதும் அந்தப் பக்கமாகவே நிகழ்கிறது; முழங்கால் மடங்கிக்கொள்கிறது, பாதத்தின் முன்பகுதி தரையில் தட்டுகிறது, தாங்கிக்கொள்ள நீள வேண்டிய கையும் அதே பக்கம் செயலற்றுத் தொங்குகிறது. மெலிந்த எலும்பின் மீதே முழு எடையும் இறங்குகிறது.

முறிவு ஏற்பட்டதைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. இடுப்பு முறிந்தால் கால் சற்றுக் குட்டையாகி வெளிப்புறமாகத் திரும்பிக் கிடக்கும் என்பது பாடப்புத்தக அடையாளம். ஆனால் செயலிழந்த கால் ஏற்கெனவே வெளிப்புறமாகத் திரும்பித்தான் கிடக்கிறது. வலது பக்கம் செயலிழந்தவர்களில் பலருக்குப் பேச்சும் போயிருக்கும்; வலிக்கிறது என்று சொல்ல வார்த்தை வராது. இடது பக்கம் செயலிழந்த சிலருக்கோ அந்தப் பக்கம் ஒன்று இருக்கிறது என்ற கவனமே இராது. எனவே விழுந்த பிறகு உட்கார மறுப்பது, உடை மாற்றும்போது முனகுவது, காரணமின்றிச் சாப்பாட்டைத் தள்ளுவது ஆகியவற்றை ‘அடம்பிடிக்கிறார்’ என்று விட்டுவிடாமல் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். முறிந்த இடுப்போடு படுத்திருப்பவரை ஒவ்வொரு முறை புரட்டும்போதும், மலம் துடைக்கும்போதும் எலும்பு முனைகள் அசைந்து வலிக்கின்றன. வலிக்கிறதே என்று புரட்டாமல் விட்டால் படுக்கைப்புண் வருகிறது. நிமிர்த்தி உட்கார வைக்காததால் சளி தேங்கி நிமோனியா வருகிறது. கால் இரத்தக்குழாய்களில் இரத்தம் உறைகிறது. பக்கவாதத்தால் விழுங்குவதில் குறை இருப்பவருக்குப் படுத்தபடியே உணவு கொடுப்பது இன்னும் ஆபத்தானது. ஆகவே அறுவையின் முதல் நோக்கம் வலியின்றி உட்கார வைப்பது. மீண்டும் நடப்பது அதற்கு அடுத்த படி. புத்தூர் கட்டு போட்டுப் பார்க்கலாமே என்பவர்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. கை, மணிக்கட்டு முறிவுகளைப் போலத் தொடை எலும்பின் கழுத்தை வெளியிலிருந்து எந்தக் கட்டும் பிடித்து நிறுத்த முடியாது. அது தசைகளுக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது. அந்த முறிவு விலகியிருந்தால் பந்துமுனைக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் பெரும்பாலும் அறுந்திருக்கும். கட்டிப்போட்டு எத்தனை மாதம் காத்திருந்தாலும் பயனிருக்காது. அறுவை வேண்டாம் என்று முடிவெடுப்பது சரியாக இருக்கும் நேரமும் உண்டு. ஏற்கெனவே வாழ்வின் கடைசி நாட்களில் இருப்பவருக்கு வலிநிவாரணமும் நரம்பு மரப்பு ஊசியும் மட்டும் போதும் என்று மருத்துவரும் குடும்பமும் சேர்ந்து தீர்மானிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

செய்வதென்றால் தாமதிக்கக் கூடாது. மருத்துவமனையில் சேர்த்த அன்றோ மறுநாளோ அறுவை நடக்க வேண்டும் என்பது சிகிச்சை முறைகளை வகுத்துச் சொல்லும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு தரும் வழிகாட்டுதல். இந்தியா உட்பட 17 நாடுகளில் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஹிப் அட்டாக் என்ற பெரிய ஆய்வில், முறிவு உறுதியானதிலிருந்து 6 மணி நேரத்துக்குள் அறுவை என்ற இலக்கு வைத்துப் பார்த்தார்கள். உயிரிழப்பு அதனால் குறையவில்லை. ஆனால் மனக்குழப்பமும் சிறுநீர்த் தொற்றும் குறைந்தன, நோயாளிகள் விரைவில் எழுந்து நின்றார்கள். நடைமுறையில் பக்கவாதக்காரர்களுக்குத்தான் தாமதம் அதிகம். இரத்தம் உறையாமலிருக்க அவர்கள் குளோபிடோகிரல் மாத்திரை உண்பவர்களாக இருப்பார்கள். அதன் வேகம் தணிந்து, முதுகுத்தண்டில் ஊசி போட்டு மரக்கச் செய்ய 5 முதல் 7 நாட்கள் காத்திருக்க வேண்டும். அத்தனை நாள் படுக்கையில் கிடப்பதைவிட முழு மயக்கம் கொடுத்து உடனே செய்துவிடுவது மேல் என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் கருத்து. ஆஸ்பிரின் மட்டும் உண்பவருக்கு இந்தத் தடையும் இல்லை. பக்கவாதம் வந்து 9 மாதம் ஆகாமல் அறுவை கூடாது என்று சிலர் சொல்வது, தள்ளிப்போடக்கூடிய அறுவைகளுக்கான கணக்கு. இடுப்பு முறிவுக்கு அது பொருந்தாது.

மயக்க மருத்துவரிடம் பக்கவாதம் எந்தப் பக்கம், எப்போது வந்தது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். செயலிழந்த தசைகளில், நரம்பின் ஆணையை வாங்கும் ஏற்பிகள் தசைப்பரப்பு முழுவதும் பெருகிவிடுகின்றன. அந்த நிலையில் சக்சினைல்கோலின் என்ற தசைத்தளர்த்தி மருந்தைச் செலுத்தினால், தசையிலிருந்து பொட்டாசியம் இரத்தத்துக்குள் கொட்டி இதயமே நின்றுவிடக்கூடும். மாற்று மருந்துகள் இருக்கின்றன. தசை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை அளக்கும் கருவியையும் நல்ல கையில்தான் பொருத்த வேண்டும். செயலிழந்த கையில் பொருத்தினால் அது பொய்க்கணக்குக் காட்டி மருந்தை அதிகமாகக் கொடுக்க வைத்துவிடும்.

அறுவை முறைக்கு வருவோம். முறிவு கழுத்துக்குக் கீழே, தடித்த பகுதியில் இருந்தால் தகடும் திருகும், அல்லது எலும்பின் உள்ளே செல்லும் ஆணி. விலகிய கழுத்து முறிவென்றால் முதியவர்களுக்குப் பந்துமுனையை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைப்பார்கள். இதில்தான் பக்கவாதம் கணக்கை மாற்றுகிறது. இறுகிய தசைகள் தொடையை மடக்கி, உட்புறமாக இழுத்து, உள்நோக்கித் திருப்புகின்றன. புதிய பந்து குழியின் பின்பக்கமாக நழுவிப்போவதற்கு மிகத் தோதான நிலை அதுவேதான். வழக்கம்போலப் பின்பக்கமாகத் திறந்து அறுவை செய்தால், அந்தப் பின்சுவரையும் பலவீனப்படுத்தியதாகிவிடும். அதனால் இத்தகையவர்களுக்கு முன்பக்கமாகவோ பக்கவாட்டிலோ திறக்கும் முறையைப் பல அறுவை நிபுணர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். உள்தொடைத் தசைநார் மிக இறுகியிருந்தால் அதையும் சற்று வெட்டி விடுகிறார்கள். முழு மூட்டும் மாற்ற வேண்டியிருந்தால், 1970களில் பிரான்சில் ழில் பூஸ்கே உருவாக்கிய, பந்துக்குள் பந்து சுழலும் இரட்டை அசைவு மூட்டு நழுவும் வாய்ப்பைக் குறைக்கிறது. ‘எந்தப் பக்கமாகத் திறக்கப் போகிறீர்கள், தசை இறுக்கத்துக்கு என்ன செய்வீர்கள்?’ என்று அறுவைக்கு முன்பு கேட்பது குடும்பத்தின் உரிமை. நல்ல மருத்துவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மறுநாளே எழுப்பி நிற்க வைப்பது எங்கள் வேலை. இங்கே அடிக்கடி நடக்கும் அபத்தம், எல்லோருக்கும் எழுதித் தருவதுபோல இவருக்கும் வாக்கர் எழுதித் தருவது. அதைப் பிடிக்க இரண்டு கைகள் வேண்டுமே! இவருக்குத் தேவை, நல்ல கையில் பிடிக்கும் நான்கு கால் ஊன்றுகோல். முதலில் கோல், பிறகு பலவீனமான கால், கடைசியாக நல்ல கால் என்பதே வரிசை. நாற்காலியை எப்போதும் நல்ல பக்கத்தில் போட வேண்டும். தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு இறங்கிவிடும். இதை உதவிக்கு வரும் ஒவ்வோர் உறவினரிடமும் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது. தாழ்வான இருக்கையும் குத்துக்காலிடும் கழிப்பறையும் கூடாது; உறங்கும்போது கால்களுக்கிடையில் தலையணை இருக்க வேண்டும், ஏனெனில் இறுகிய கால் தூக்கத்தில் தானாகவே உட்புறம் சரியும். முறிந்தது நல்ல கால் என்றால் நிலைமை வேறு. அதுவரை உடலைச் சுமந்த ஒரே காலும் போய்விட்டதால் மீட்சி மிக மெதுவாகவே இருக்கும். இதை முன்கூட்டியே குடும்பத்திடம் சொல்லிவிடுவது நேர்மை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கிறார்கள். மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல ஆளில்லாதவர்கள் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

எலும்புக்கான மருந்தைப் பற்றி ஒரு கசப்பான வரலாறு உண்டு. பக்கவாத நோயாளிகளுக்கு ஃபோலேட், மெக்கோபாலமின் என்ற பி வகை வைட்டமின்களைக் கொடுத்ததில் இடுப்பு முறிவு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது என்று ஜப்பானைச் சேர்ந்த யோஷிஹிரோ சாட்டோ 2005இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் எழுதினார். நியூசிலாந்தின் மார்க் போலண்டும் ஸ்காட்லாந்தின் அலிசன் அவெனலும் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அவருடைய ஆய்வுகளின் எண்களைச் சோதித்து, அவை நம்பத்தக்கவை அல்ல என்று காட்டினார்கள். 2016இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நம் ஊரில் ‘நரம்பு மாத்திரை’ என்று தாராளமாக எழுதப்படும் மெக்கோபாலமின் உடலில் பி12 குறைந்திருப்பவருக்குத் தேவைதான். அது இடுப்பைக் காக்கும் என்று எண்ணி விழுங்க வேண்டியதில்லை.

நம்பத்தக்க சான்று, எலும்பு கரைவதைத் தடுக்கும் சோலெட்ரானிக் அமிலம் என்ற ஊசி மருந்துக்கு இருக்கிறது. இடுப்பு முறிவு அறுவை முடிந்து 90 நாட்களுக்குள் 5 மில்லிகிராம் அளவில் தொடங்கி, ஆண்டுக்கொரு முறை சிரை வழியே கொடுத்ததில் புதிய முறிவுகள் 35 விழுக்காடும் உயிரிழப்பு 28 விழுக்காடும் குறைந்தன என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்கு முன் சிறுநீரகச் செயல்பாட்டையும் இரத்தத்திலுள்ள கால்சியம், வைட்டமின் டி அளவுகளையும் பார்க்க வேண்டும்; பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துவிட வேண்டும். நான் பார்க்கும் டிஸ்சார்ஜ் சீட்டுகளில் வலி மாத்திரையும் கால்சியமும் எழுதப்பட்டிருக்கும், இந்த ஊசி பெரும்பாலும் இராது. தையல் பிரிக்கச் செல்லும் நாளில் அதைக் கேட்டுவிடுங்கள்.