செகண்டுக்கு முன்னால் ஃபர்ஸ்ட் எது?

மாட்டுங்காவில் எங்கள் வீட்டு முன்னறையில் மாலை வேளைகளில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மாமி, கடிகாரத்தில் செகண்ட் இருக்கிறது, ஃபர்ஸ்ட் எங்கே?"

எவ்வளவு நல்ல கேள்வி! நிமிடம்தான் அந்த ஃபர்ஸ்ட். அறுபது அறுபதாகக் கூறுபோடும் வழக்கம் பாபிலோனியர்களுடையது. அதை வாங்கிக்கொண்ட வானியல் அறிஞர்கள் கோணத்தின் பாகையைத்தான் முதலில் அப்படிப் பிரித்தார்கள். மணி பிறகு வந்தது. லத்தீனில் முதல் கூறுக்கு 'பார்ஸ் மினுட்டா பிரிமா', அதாவது முதல் சிறு பகுதி என்று பெயர். அதையே மறுபடி அறுபதாக்கினால் 'பார்ஸ் மினுட்டா செகுண்டா', இரண்டாம் சிறு பகுதி. நாளடைவில் முன்னதில் 'சிறு' மட்டும் நின்று மினிட் ஆயிற்று. பின்னதில் 'இரண்டாம்' மட்டும் நின்று செகண்ட் ஆயிற்று. இதைக் கரும்பலகையில் எழுதி, உதிர்ந்த சொற்களை ஒவ்வொன்றாக அழித்துக் காட்டினேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

லத்தீனில் 'செகுண்டுஸ்' என்றால் தொடர்ந்து வருவது. சங்கக் கூட்டத்தில் ஒருவர் தீர்மானத்தை முன்மொழிய, இன்னொருவர் செகண்ட் செய்வதும் இந்தச் சொல்தான். நாம் வழிமொழிவது என்கிறோம். அதிலும் பின்தொடர்வதுதான் பொருள். பிரெஞ்சு வழியாக இது வருவதற்கு முன்பு ஆங்கிலத்தில் இரண்டாவது என்பதற்கு 'அதர்' என்றே சொல்லிவந்தார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாளை இன்றும் 'எவ்ரி அதர் டே' என்பது அந்தப் பழைய பொருளின் மிச்சம்.

அறுபதுக்கு நாம் பாபிலோன்வரை போக வேண்டியதில்லை என்று அலமாரியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தேன். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. திதி 22.40 வரை என்று போட்டிருந்தால், சூரிய உதயத்திலிருந்து 22 நாழிகை 40 விநாழிகை. நாழிகைக்கு 24 நிமிடம், விநாழிகைக்கு 24 செகண்ட். பெருக்கிக் கூட்டினால் 9 மணி 4 நிமிடம். பக்கத்துக்குப் பக்கம் இந்தக் கணக்கு கிடக்கிறது. நம் பிள்ளைகளுக்கு யாரும் காட்டுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

1967 முதல் செகண்டுக்குச் சூரியனோடு தொடர்பில்லை. சீசியம் அணு தரும் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சின் 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 அலைவுகள் ஆகும் நேரம் என்று வரையறுத்துவிட்டார்கள்.

செகண்டுக்கும் கீழே மூன்றாம் கூறு, நான்காம் கூறு என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வானியல் அறிஞர் அல்பிரூனி கணக்கிட்டிருக்கிறார். அவை வழக்கொழிந்து, இப்போது மில்லிசெகண்ட் என்று ஆயிரமாகப் பிரிக்கிறோம். பஞ்சாங்கக் கணிதத்தில் மட்டும் விநாழிகைக்குக் கீழே தற்பரை இருக்கிறது. அங்கும் அறுபதில் ஒரு பங்குதான், 0.4 செகண்ட்.