முகவாயைத் தூக்கிப் பார்க்கும் பிள்ளை

டொராண்டோவுக்கு வந்து மூன்றாவது மாதம். பஸ் நம்பரைப் பார்க்க, 14 வயது மகன் முகவாயைத் தூக்கித் தலையைப் பின்னால் சாய்ப்பான். "நேரா நில்லுடா" என்று எத்தனையோ முறை அதட்டியிருக்கிறேன். காலையில் தலைவலி, சில நாள் வாந்தி. புது ஊர், புதுப் பள்ளிக்கூடம், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே முடிவுகட்டினேன். வாக்-இன் கிளினிக் மருத்துவரும் அதையே சொன்னார்.

அப்புறம் ஒரு நாள், "அம்மா, படி ரெண்டு ரெண்டா தெரியுது" என்றான்.

ஒன்டாரியோவில் 19 வயது வரை ஆண்டுக்கொரு கண் பரிசோதனைக்கு அரசுக் காப்பீடே பணம் கட்டுகிறது. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா சொல்லித்தான் அது தெரியும். "பிள்ளையை ஒருக்கா கொண்டுபோய்க் காட்டுங்கோ, காசு கேக்க மாட்டினம்" என்றார். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் கூட்டிப்போனேன்.

கண்ணைப் பரிசோதித்த ஆப்டோமெட்ரிஸ்ட் ஓர் இளம்பெண். பேனாவை அவன் கண்ணெதிரே பிடித்து மெல்ல மேலே கொண்டுபோனார். இமைகள் அகல விரிந்தன, கருவிழி ஏறவில்லை. அவன் முயன்றபோது இரண்டு கண்களும் வெட்டி வெட்டி உள்பக்கமாக இழுத்தன. டார்ச் வெளிச்சத்துக்குக் கண்பாவை சுருங்கவில்லை, பேனா மூக்கருகே வந்தபோது சுருங்கியது. கண்ணாடிப் பேச்சையே எடுக்காமல் கடிதம் எழுதிக் கொடுத்து, இன்றே எமர்ஜென்சிக்குப் போகச் சொன்னார்.

எம்.ஆர்.ஐ.யில் கட்டி. மூளையின் நடுவே அரிசிமணி அளவில் இருக்கும் பீனியல் சுரப்பியில். ஆங்கிலம் எனக்குத் தெரியும், அன்று ஒரு வார்த்தை ஏறவில்லை. தமிழில் சொல்ல ஆள் கேட்டேன், போனில் ஒருவர் வந்தார். கண்ணை மேலே தூக்கும் நரம்புப் பாதை அந்தச் சுரப்பியை ஒட்டித்தான் போகிறதாம். கட்டி அதை அழுத்தியிருக்கிறது, மூளைநீர் இறங்கும் வழியையும் அடைத்திருக்கிறது. தலைவலி அதனால்தான். கண் மேலே ஏறாத இது 1880களிலேயே பிரெஞ்சுக் கண் மருத்துவர் பாரினோ விவரித்த கோளாறு, இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாய் விட்டு நீருக்கு மாற்று வழி திறந்தார்கள், சோதித்துப் பார்க்கக் கட்டியிலிருந்து சதைத் துணுக்கும் எடுத்தார்கள். ஜெர்மினோமா. புற்றுநோய்தான், ஆனால் கதிர்வீச்சுக்கு நன்றாகக் கரையும் வகை.

உங்கள் பிள்ளை முகவாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால் அதட்டாதீர்கள். தலையை அசைக்காமல் மேலே பார்க்கச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லை என்றால் அன்றைக்கே காட்டுங்கள்.

கதிர்வீச்சு முடிந்து ஏழு மாதம் ஆகிறது. மேல்பார்வை பாதிதான் திரும்பியிருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் இப்போதும் முகவாயைத் தூக்குகிறான். நம்பரைச் சொல்ல நான் வாயெடுத்தால், "தெரியுதும்மா" என்கிறான்.