23 சதவீதமும் 2 சதவீதமும்

சேலத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆய்வேட்டை மென்பொருளில் ஏற்றி, மற்றவர்கள் எழுதியதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அறிக்கை எடுத்துக் கையெழுத்துப் போடுவதும் என் பொறுப்புதான். வருகிறவர்கள் முதலில் கேட்பது, "சார், பத்துக்குள்ள வந்துடுச்சா?"

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை போனால் திருத்தி, ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருடத்துக்குத் திருத்தியும் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. அந்த 10-ஐப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

ஏற்காட்டுக்குப் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி, காப்பித் தோட்ட மண்ணைப் பற்றி ஆய்வு செய்தாள். முதல் அறிக்கையில் 23. நிறம் நிறமாகக் கிடந்த வரிகளை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். நிறைய வரிகள் ஆய்வுப் பகுதி பற்றிய அத்தியாயத்தில் இருந்தன. சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையில் உள்ளது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், பாறை சார்னோகைட். இந்த மலையைப் பற்றி யார் எழுதினாலும் இதை எழுதித்தான் ஆக வேண்டும். அப்புறம் நூற்பட்டியல். நூற்பட்டியல், நன்றியுரை, பொருளடக்கம், முறையாகக் காட்டிய மேற்கோள், தற்செயலாக ஒத்துவரும் 14 சொல் வரையிலான தொடர் இவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாதென்று விதியிலேயே இருக்கிறது. விலக்கியதும் 15 ஆனது.

"மீதியை உன் வார்த்தையில எழுதும்மா. எங்கிருந்து எடுத்தேன்னு போட்டுடு" என்றேன்.

நான்காம் நாளே வந்தாள். 6 சதவீதம். இவ்வளவு சீக்கிரமா என்று சந்தேகப்பட்டுப் படித்துப் பார்த்தேன். ஆங்கில ஆய்வேடு. மேல்மண்ணைக் குறிக்கும் 'டாப் சாயில்' என்று இருந்ததெல்லாம் 'பெஸ்ட் சாயில்', அதாவது சிறந்த மண், ஆகியிருந்தது. 'சில்வர் ஓக்', 'கிரே ஓக்' ஆகியிருந்தது. வரியை மாற்றித் தரும் ஏதோ ஒரு இணையதளத்தின் வேலை. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள் அவள். அவள் பெயர் போட்ட ஏட்டில், அவள் ஊரில் இல்லாத ஒரு மரம்.

"குறைஞ்சா போதும்னு சொன்னாங்க சார்" என்று அழுதுவிட்டாள்.

அறிக்கையை மூடி வைத்துவிட்டு, தோட்டத்தில் பார்த்ததை வாயால் சொல்லச் சொன்னேன். நிழல் மரம் வெட்டிய சரிவில் மழைக்கு மேல்மண் எப்படி அரித்துப் போகிறது என்று தமிழில் கடகடவென்று சொன்னாள். அதையே ஆங்கிலத்தில் எழுதினாள். இரண்டு மாலைப்பொழுது பிடித்தது. 9 சதவீதம் வந்தது. அந்த 9-ஐத்தான் நான் நம்புகிறேன், முந்தைய 6-ஐ அல்ல.

சில மாதம் கழித்து ஒரு தமிழ் ஆய்வேடு வந்தது, 2 சதவீதம். யூனிகோடில் அடிக்காமல் பழைய எழுத்துருவில் அடித்தது. மென்பொருளுக்கு அது தமிழாகவே தெரிந்திருக்காது. ஆனால் இரண்டாம் இயலைப் படிக்கும்போதே எங்கேயோ படித்த நினைவு. அலமாரியில் தேடி, பைண்டு செய்த ஒரு பழைய ஏட்டை எடுத்தேன்.

"ரிப்போர்ட்ல ரெண்டுதானே இருக்கு?" என்றார் நெறியாளர்.

இரண்டு ஏட்டையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்தேன். பழையதில் இருந்த எழுத்துப்பிழை புதியதிலும் அதே வரியில் இருந்தது. நெறியாளர் வெகுநேரம் பேசவில்லை. நான் கையெழுத்துப் போடவில்லை.